தையல் உள்ளே எங்கே ஓடுகிறது

நாவலர் வீதியில் தண்ணிக்குழாய் தாட்டு மூடிய இடம்.
சல்லிக்கல் பரவிக் கிடந்தது.
விழுந்தது பெரிதல்ல,
பிளாட்டினா என்மேல் சாய்ந்ததும் பெரிதல்ல.
நிலத்தில் ஊன்றிய வலது உள்ளங்கை
அங்கேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

காலமை ஐந்தரைக்கு,
ஊர் தேத்தண்ணி குடிக்க முன்னம்,
வீடு வீடாய்ப் போய் இரத்தம் எடுப்பவள் நான்.
மூன்று கிழமை
ஒருவருடைய நாளமும் என் விரலுக்குப் பிடிபடவில்லை.
பண்டேஜ் சுற்றிய கையோடு
ஆய்வுகூடத்தில் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாலாம் கிழமை
ஸ்ரான்லி வீதிக் கடைக்குப் போனேன்.

"லேடீஸ் கிளவுஸ் இருக்கு அக்கா"
என்று முழங்கைவரை ஏறும் துணியை
மேசையில் விரித்தான் கிறிசாந்தன்.
ரோஸ் பூ. மஞ்சள் பூ. நாவல் நிறத்தில் புள்ளி.
"வெயிலுக்குக் கை கறுக்காது."
விழுந்தால்?
உண்மையாகவே யோசித்தான், பாவம்.
"விழாமல் ஓடுங்கோ அக்கா."

அடுத்ததற்கு முட்டிக்கு முட்டி பிளாஸ்ரிக் ஓடு.
போட்டதும்
யாருக்கோ குத்துவிடப் போகிறவளின் கையாயிற்று.
விரல் மட்டும் மடியவில்லை.
கஸ்தூரியார் வீதியில்
கிளச்சை இழுப்பதும் விடுவதும்தான் பயணம்;
இது நூற்றிருபதில் பறக்கிறவனுக்கு.
நான் முப்பதில் போகிறேன்,
மினிபஸ்ஸுக்கும் ஒரு மாட்டுக்கும் நடுவில்.

எனக்குக் கையுறை தெரியும் தம்பி,
ஒரு நாளைக்கு இருபது சோடி கழற்றி எறிகிறவள்
என்று சொல்லவில்லை.
ஒவ்வொன்றாய் உள்பக்கம் பிரட்டிப் பார்த்தேன்.
ஒன்றில் விரல்நுனியில் தையல் கட்டியாய்த் தடித்திருந்தது,
ஆஸ்பத்திரி வீதி தாண்டமுன் நகத்தைத் தின்னும்.
ஒன்றின் பெருவிரல் கட்டை.
ஒன்று அழகு,
ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் பெற்றோல் செட்.

பிறகு, அடிப்பெட்டியில்,
தூசி தட்டி எடுத்த ஆட்டுத்தோல் சோடி.
மெல்லிசு. விரலிடுக்கில் காற்றுப்போகப் பொட்டுப்பொட்டாய்த் துளை.
தையல் விரலின் பக்கவாட்டில் ஓடி
நுனியைத் தொடாமல் திரும்பியிருந்தது.
உள்ளங்கையின் அடியில்,
நான் உரிந்த அதே இடத்தில்,
இன்னொரு தோல் வைத்து இரண்டு வரி தைத்திருந்தார்கள்.
எந்த ஊர் ஆளோ.
கை எங்கே நிலத்தில் படும் என்று
அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போட்டேன். ஐந்து ரூபாய்க் குற்றியை
மேசையிலிருந்து ஒரே தரத்தில் கிள்ளி எடுத்தேன்.
வெளியே வந்து பைக்கில் ஏறி,
கண்ணை மூடி, சிக்னல் சுவிச்சைத் தேடினேன்;
ஹோர்ன் அடித்தது.
திரும்பவும் தேடினேன். கிடைத்தது.
மணிக்கட்டுப் பட்டியை இறுக்கி இழுத்துப் பார்த்தேன்,
கழன்று வரவில்லை.

"அது ஆம்பிளையளின்ர சின்னச் சைஸ் அக்கா."
தார் ரோட்டுக்கு அது தெரியாது தம்பி.
ஏழாயிரத்து எண்ணூறு.
முந்நூறு குறைத்தான்,
ஒரு ரோஸ் பூச் சோடியையும் சும்மா பையில் போட்டான்.

முதல் நாளே மழை.
கொட்டடியில் றெஜினா அக்கா
சட்டைக்கையைச் சுருட்டி நீட்டிவிட்டு,
என் கையைப் பார்த்துத் தன் கையை இழுத்துக்கொண்டா.
"என்ன பிள்ளை, கை இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?"

சாயம் விட்டிருந்தது.
கிணற்றடியில் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டேன்,
ரேகைகளுக்குள் கொஞ்சம் மிச்சம் நின்றது.
மேலே என் தொழிலின் மெல்லிய உறை.
ரப்பர் பட்டியைக் கட்டி, ஒற்றை விரலால் அழுத்த,
முதல் தொடுகையிலேயே
துள்ளி வந்து நின்றது நாளம்.

கதிரையில் காயப்போட்ட ஆட்டுத்தோல்கள் இரண்டும்
விரல் மடக்கி,
இல்லாத ஹான்டிலை இன்னும் விடாமல் பிடித்திருந்தன.
றெஜினா அக்காவின் பூனை வந்து
வலது கையை மட்டும் மணந்துவிட்டுப் போனது.