சாய்வு

எழும்பூர், மூன்றாம் எண் ஸ்கேன் அறை.
சீட்டில் இன்னும் பெயரில்லை: எஸ்தரின் ஆண் குழந்தை.
நாற்பத்து மூன்று நாள்.
தலை மேலிருக்க, பிட்டம் முந்திப் பிறந்தவன்.

ஜெல்லை உள்ளங்கையில் சூடாக்கி
ஒருக்களித்துக் கிடந்தவன் இடுப்பில் புரோபை வைத்தேன்.
ஐம்பத்து நான்கு பாகை.
திரையில் கிண்ணம் ஆழமில்லாமல் கிடந்தது.

எஸ்தர் எண்ணைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தாள்.

நேராக ஓடவேண்டிய எலும்புக்கோடு
மேலே போகப்போக வளைந்திருந்தது.
வளைந்தது எலும்பா, என் மணிக்கட்டா?
காலையிலிருந்து இவன் பத்தொன்பதாவது.
மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றினேன்.
உதைத்தான்.
ஹால்ஸ் ரோட்டில் ஏதோ வேன்
பின்வாங்கும் பாட்டு ஓயும்வரை
புரோபை அழுத்தாமல் பிடித்திருந்தேன்.

பிறகு ஒரு அரிசியளவு நிமிர்த்தினேன்.
கோடு நேரானது.
கிண்ணத்தின் அடி தெரிந்தது,
விளிம்பில் குருத்தெலும்பின் சின்ன மூக்கும்.
அறுபத்து இரண்டு.

“நல்லாருக்கா மேடம்?”
“இந்தப் பக்கம் நல்லாருக்கு.
திருப்பிப் படுக்க வைங்க.”

அவள் திருப்புகிற நேரத்தில்
நோட்டைப் பின்னால் புரட்டினேன்.
ஏழாவதாக வந்த பெண் குழந்தை,
கொருக்குப்பேட்டை,
இடது இடுப்பு ஐம்பத்தேழு,
என் கையெழுத்து.

அப்போது முழங்கை
எங்கே இருந்தது?

போன் நம்பரில்
கடைசி எண் ஒன்றா, ஏழா?