பதினோரு நாள்

பிப்ரவரி கடைசி.
மலையிலிருந்து இறங்கிய காற்று
வெள்ளைக் கோளக் கூரைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு
கொலராடோ சமவெளியில் கிழக்கே போனது.

கர்னல் ஸ்டோவால் திரையில் படம் காட்டினார்.
முழுநேரத்தார், பகுதிநேரத்தார் என்ற கோடு
இன்று நள்ளிரவோடு இல்லை.
ஏணியும் இல்லை.
இனிப் பக்கவாட்டிலும் போகலாம்,
கொடிப்பந்தல் மாதிரி, என்றார்.
பின்வரிசையில் ஒரு குரல்:
பந்தலில் சம்பளம் எந்தப் பக்கம் காய்க்கும்?
கர்னல் அடுத்த படத்துக்குப் போனார்.

கோட்டை அழிக்க வேண்டியவள் நான்.
ஆள்கணக்குப் பிரிவு, ஜன்னலில்லாத அறை,
இருமுகிற ஹீட்டர்,
நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
பழைய படையிலிருந்து விலக்கு: பிப்ரவரி 28.
புதிய படையில் சேர்ப்பு: மார்ச் 1.
விலக்கு, சேர்ப்பு. விலக்கு, சேர்ப்பு.
வானிலை பார்த்த பெர்னடீனுக்குப் புதிய அட்டவணையில் இடமில்லை.
மேகம் எங்கள் பொறுப்பல்லவாம்.
சூரியப் புயல் என்று ஒரு பெட்டி இருந்தது,
அதில் அவளைப் போட்டேன்.
பாதிரியாரையும் பல் மருத்துவரையும் பழைய படையிலேயே விட்டேன்.
அதிகாலை மூன்று மணிக்கு
லெலண்ட் யாஸியின் கோப்பு.
ஒன்றைத் தட்டிய என் விரல்
பக்கத்திலிருந்த இரண்டையும் தட்டியது.
மார்ச் 12.

தெரியவில்லை எனக்கு. அவனுக்கும் தெரியவில்லை.
வாயிற்கதவின் கணினி வேறு, என்னுடையது வேறு;
ஒன்றோடொன்று பேசாத பங்காளிகள்.
அட்டையைக் காட்டினான், பச்சை விளக்கு எரிந்தது.
மார்புப் பட்டியில் இன்னும் பழுப்பு நூல்,
நீல நூல் அடுத்த மாதம் வருமென்று சொல்லியிருந்தார்கள்.
இரவு ஷிப்ட், பதினோரு இரவும் வந்தான்,
சட்டப்படி
காப்பித் தூக்கோடு உள்ளே நுழைந்த ஒரு வெளியாள்.

ஏழாம் இரவில்தான் அது நடந்தது.
அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஏவப்பட்ட செயற்கைக்கோள்,
பதினான்கு வருடம் அவன் கவனித்தது,
கடைசி எரிபொருளில் அதை முந்நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி
மயானப் பாதையில் விடவேண்டும்.
கட்டளை கொடுத்தான்.
அது போனது.
பிறகு பேட்டரியைத் துண்டித்தான், டிரான்ஸ்மிட்டரை அணைத்தான்.
குறிப்பேட்டில் கையெழுத்து: சார்ஜென்ட் யாஸி,
எந்தப் படையிலும் இல்லாத சார்ஜென்ட்.

பதினைந்தாம் தேதி என் அறைக்கு வந்தான்.
கையில் பூஜ்யம் என்று அச்சடித்த சம்பளச் சீட்டு.
வாடகை நிற்கிறது, மகளின் பல்கம்பிக்குத் தவணை நிற்கிறது.
நான் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு முறை.
திருத்தப் படிவத்தை எடுத்தேன்.
இடைப்பட்ட நாட்களில் அலுவலரின் நிலை என்ன,
இருநூறு எழுத்துகளுக்குள் விளக்குக.

அவன் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
"எல்லா நாளையும் திருத்து," என்றான்.
"ஏழாம் தேதியை மட்டும் விட்டுவிட முடியுமா?"
ஏன் என்றேன்.
"அன்றைக்கு அதை அனுப்பிவைத்தது
படை இல்லை என்று இருக்கட்டும்.
நான்தான் என்று இருக்கட்டும்."

முடியாது.
அந்தப் பெட்டி துண்டு துண்டாகத் தேதி வாங்காது.
ஒருநாள் விடுபட்டால் ஓய்வூதியக் கணக்கும் உடையும்.
சொன்னேன். தலையாட்டினான்,
எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

இருநூறு எழுத்துகளில் எழுதினேன்:
தட்டச்சுப் பிழை. பணி தடையின்றி நடந்தது.
நூற்றைம்பதுக்கு மேல் எழுத்துகள் மிச்சம்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.

பூஜ்யச் சீட்டைக் கிழிக்கும் இயந்திரத்தில் போடக் கை நீட்டினேன்.
அவன் அதை நான்காக மடித்துத்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.
மணி மூன்றே முக்கால்.
அன்றிரவு ஷிப்டுக்கு
வேறொரு செயற்கைக்கோள் ஒதுக்கியிருந்தார்கள்,
அதன் எண்ணை அவன் இன்னும் மனப்பாடம் செய்யவில்லை.