பாயிண்டிங் சேர்த்து

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார் சென்னகேசவன்.
கிரேட்டைத் தூக்காமலே
அடியில் எத்தனை அழுகல் என்று சொல்லிவிடுவாராம்.
இன்று மாடியில் புதுசாய் எழுப்பிய குளியலறையில்
எங்களைத் தூக்கிப் பார்க்கிறார்.

எட்டுக்கு ஐந்து. உயரம் ஏழு.
டேப்பின் ஒரு முனை நான், மறுமுனை தீர்த்தகிரி.
கதவைக் கழித்தார், பதினேழரை அடி.
கழிக்கட்டும்,
காலி இடத்துக்குக் கூலி கேட்கிறவர்கள் இல்லை நாங்கள்.
ஆனால் கதவோரம் நெடுக
நூல் நூலாக மெஷினை வைத்துச் சீவுகிற
ஒரு மத்தியானத்தை
அவர் கழிக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

சுவர் அடி முப்பத்தெட்டு, தரை முப்பது
என்றார் என் வீட்டுக்காரர்.
காரிமங்கலத்தில் முப்பத்திரண்டுக்கே போடுகிறார்களாம்.
போடுவார்கள்.

ஷவர் பக்கத்துச் சுவரில் சோப்பு வைக்க ஒரு மாடம் வேண்டும்,
அடிக்கு அடி.
அடிக்கணக்கில் அது முப்பத்தெட்டு ரூபாய்,
இரண்டு டீ, ஒரு போண்டா.
கைக்கணக்கில்
உள்ளே ஐந்து முகம், வெளியே நாலு விளிம்பு,
ஒவ்வொரு விளிம்பும் நாற்பத்தைந்து டிகிரி,
ஒன்றில் சில்லுப் பெயர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.
"மாடத்துக்குத் தனியா ஆயிரம்" என்றதும்
தோள் துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டார்.
துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய கை,
பழக்கத்தில் விரல் தேடியது.
எழுநூறில் நின்றது.

பிறகு சாதாரணமாக, கடைசி மூட்டை கட்டுகிற மாதிரி,
"பாயிண்டிங் சேத்துத்தானே?"

சேர்த்து.
அந்தச் சொல்லுக்குள்தான்
பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
ஓட்டிவிட்டு அவர் பீடிக்கு இறங்கின பிறகு
ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டரில் தொடங்கும் என் வேலை.
சித்திரை வெயிலில் எபாக்சி அரை மணிதான் பொறுக்கும்,
அதற்குள் நிரப்பி, வழித்து, ஸ்பாஞ்சால் துடைத்து,
மூலையில் மட்டும் ரப்பர் போகாது,
விரல்தான் போகும்.
ரேஷன் கடை மெஷினுக்கு என் விரலைத் தெரிவதில்லை.
மூன்று தரம் அழுத்தச் சொல்வார்கள்,
பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே மகள் வரவேண்டும்.

"தனி" என்றேன்.

தீர்த்தகிரி டேப்பை விட்டுவிட்டார்.
சர்ரென்று அது என் பக்கம் சுருண்டு வந்தது.
"எங்கயும் தனியா வாங்கறதில்லையே" என்றார் மண்டிக்காரர்,
என்னிடம் இல்லை, அவரிடம்.

கீழ்த்தளத்துப் பழைய குளியலறையைக் காட்டுங்கள் என்றேன்.
போர்த்தண்ணி உப்பு சுவரெல்லாம் பூத்திருந்தது.
இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் உதிர்ந்து
எறும்பு குடியிருந்தது.
ஒரு மக்கு தண்ணீர் எடுத்து ஷவருக்கடியில் ஊற்றினேன்.
ஜாலிப் பக்கம் போவதுபோல் போய்
மனம் மாறி
கொஞ்சம் இடுக்கில் இறங்கி
மீதி வாசல் வரை வந்து
அவர் குதிகாலில் நின்றது.

காலை எடுக்கவில்லை அவர்.
ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.
"இது என்ன ரேட்டுக்குப் போட்டது?" தீர்த்தகிரிதான் கேட்டார்.
"இருபத்தெட்டு."
கொஞ்சம் விட்டு,
"பாயிண்டிங் சேத்து."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
மண்டிக்காரர் சிரித்தால்
விலை முடிந்தது என்று அர்த்தமில்லை.
சுவரை முப்பத்தாறாக்கினார்.
ஜாலி பக்கம் வாட்டத்துக்கு நான்தான் பொறுப்பு என்று
இரண்டு முறை சொல்லவைத்தார்.
பிறகு என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக,
"உங்களுக்கு எவ்ளோ?"

அடிக்கு ஒன்பது என்றேன்.
இருநூற்று நாலரை அடி.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வரும்;
நாற்பதை வெட்டிவிட்டு
தக்காளிச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தார்,
"ஜாயிண்ட் அம்மா 1800."

பங்கில் நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டோம்.
மூடியைத் திருகிக்கொண்டே,
"பத்துன்னே சொல்லியிருக்கலாம்" என்றார்.

எனக்கும் தெரியும்.
ஒன்பது என்று வாய் திறந்தபோதே தெரியும்.