பன்னிரண்டாவது ஆள்

நாங்கள் பதினொரு பேர்.
கடைசியில் நடப்பது என் வேலை.
ஒவ்வொரு வேலிப்படியிலும் நின்று
முதுகுப்பைகளை எண்ணுவேன்:
சிவப்பு, நீலம், மழையுறை போர்த்தியது,
குவெண்டாவின் பையில் ஆடும் தகரக் குவளை.

க்ளன் ஆறு இடப்பக்கம் வந்தது,
பிறகு வலப்பக்கம்.
"நாம்தான் மாறினோம்" என்றார் ஹெட்லி.
அவர் கையில் பிளாஸ்டிக் உறையிட்ட வரைபடம்.
உறைக்குள்ளும் எப்படியோ மழை.

ஆஷ்விக் தாண்டி, ஆல்டர் மரங்களுக்கு அடியில்
எண்ணினேன்.
பன்னிரண்டு.
விரல் மடக்கி மறுபடி எண்ணினேன்.
பன்னிரண்டு.
குவெண்டாவுக்குப் பின்னால்
பையில்லாத ஒரு முதுகு,
இடுப்பில் கயிறு கட்டிய கோட்டு,
குதிகாலை ஒட்டி ஒரு நாய்.

"இது என் புல்வெளி.
போன வாரம் வந்தவர்கள்
கதவைத் திறந்துபோட்டுப் போய்விட்டார்கள்."
நான் சாத்தினேன். கொக்கி மாட்டினேன்.
ஆட்டிக் காட்டினேன்.
ப்ரோபர்ட் தலையசைத்தார்.
திரும்பிப் போகவில்லை.

அடுத்த கதவும் அவருடையதே.
அதற்கடுத்தது மைத்துனருடையது,
பேச்சு அறுந்து ஒன்பது வருஷம்.
அந்தக் கதவை
சத்தமே வராமல் அவரே சாத்தினார்.

நடைபாலத்தில் சற்று நின்றார்.
"இதைத் தாண்டி நடந்ததில்லை.
டிராக்டரில் போயிருக்கிறேன்,
ஒருமுறை ஆம்புலன்ஸில்."

மேட்டில் தேவாலயம்.
எல்லை தாண்டி வருகிறவர்களுக்குப் பயந்து
ஆளுயரத் தடிமனில் கட்டிய கோபுரம்.
அம்பு விட்ட துளையில் புறா எச்சம்.
ஹெட்லி நூற்றாண்டுகளைச் சொல்லச் சொல்ல
நாங்கள் கேக்கைப் பங்கிட்டோம்.

போரில் இறந்தவர்களின் கல்லில்
மூன்று ப்ரோபர்ட்கள்.
நடுப்பெயரின் மேல்
துகள் ஒட்டிய விரலை வைத்தார்:
"கீழ்வயலுக்கு இன்னும் இவன் பெயர்தான்.
வேலியை முடிக்காமல் போய்விட்டான்.
அந்த மூலை இன்றும் ஒழுகும்."

அப்போதுதான் ரோவெனா கேட்டாள்,
"கீழே, சாலையில்,
வெள்ளையாக என்ன அது?"

பெயர் பொறித்தவனின் மூலை அல்ல.
நான் கொக்கி மாட்டிய கதவும் அல்ல.
எங்களைக் கண்காணிக்கக் கிளம்பிய அவசரத்தில்
அவர் திறந்துவிட்டு வந்த
அவர் வீட்டுக் கதவு.

யாரும் சிரிக்கவில்லை.
இறங்கினோம், பதினொரு பேரும் சரிவில் பரவி.
ஹெட்லி வரைபடத்தை விசிறினார்.
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்
இரு கைகளையும் விரித்து
ஓர் ஆட்டின் முன் நின்று
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.
நாய் எங்களைத்தான் முதலில் மேய்த்தது.

கடைசிப் பேருந்து போய்விட்ட வெளிச்சத்தில்
கதவின் இரு பக்கமும் நின்று
அவர் ஆடுகளை எண்ணினார்,
நான் எங்களை.
ஒரே நேரத்தில் இருவர் உதடும் அசைந்தன.

எனக்குச் சரியாக வந்தது.
அவருக்கு ஒன்று கூடுதல்.
முதுகில் நீலச் சாயம்.
"மைத்துனருடையது" என்றார்.

சாத்துவதா திறப்பதா என்று தெரியாமல்
கதவைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தார்.