துள்ளுகரை

பத்து மணிபோல இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள்
கவுன்சில் அனுப்பிய தொல்லியல்காரி பிலிப்பா.
குழாய்க்கு வெட்டிய பள்ளத்தில்
மஞ்சள் களிக்குள்ளே கறுப்பாய் ஒரு நாக்கு.
அகழி, என்றாள். அரசனின் வேலி.

ஹோல்ட்வுட்டில் இன்று வேலியில்லாத வீடு கிடையாது.
அவனுக்கு இருந்தது ஒன்றே,
ஏழு மைல் நீளம்.

சிமெந்துப் பையின் பின்புறம் வரைந்து காட்டினாள்:
வெளிப்பக்கம் மண்ணைச் சரிவாய் ஏற்றி
உள்பக்கம் ஆளுயரம் வெட்டி இறக்கி…
வெளியே மேயும் மான் ஒரு துள்ளலில் வந்துவிடும்.
வந்த மானுக்கு அது சுவர்.
பிறகு கொம்பு ஊதினால் போதும்.

எனக்கு வாய்த்த கரை மறுபக்கம் சரிந்தது.
குறொய்டன் வரிசையில் நின்று நின்று
உள்ளே வர ஒன்பது வருடம்.
வெளியே போக ஒரு தடையும் இல்லை,
விமானச் சீட்டை அவர்களே எடுத்துத் தருவார்கள்.

தேத்தண்ணி நேரம் பழைய வழக்கேட்டை வாசித்தாள்,
கைப்பேசியை வெயிலுக்கு மறைத்தபடி.
ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும்
முன்காலில் மூன்று நகம் வெட்டவேண்டும்,
மானைத் துரத்தாதிருக்க.
மார்ஜரி டட்ஃபீல்ட், விதவை,
ஹார்ன்பீம் விறகு ஒரு கட்டு, ஆறு பென்ஸ்.
அடுத்த மாரியில் அதே மார்ஜரி, ஒரு ஷில்லிங்.
அதற்கடுத்த மாரியில் பெயர் இல்லை.

திருந்தியிருப்பாள், என்றான் டெஸ்மண்ட்.
யாரும் சிரிக்கவில்லை.
அவனே கொஞ்சம் கழித்து
கோப்பையைக் கவிழ்த்து மண்டியை ஊற்றினான்.

அரசர்களுக்கு வேறு விளையாட்டுக் கிடைத்தது.
காட்டைக் கோடு கிழித்துப் பங்கு போட்டார்கள்,
விறகு பொறுக்கியவர்களுக்குப் பங்கில்லை.
வேட்டை மாளிகை பள்ளிக்கூடமாகி
பட்டாளத்து ஆஸ்பத்திரியாகி
இப்போது பதினொரு ஃபிளாட், பார்க்கிங் தனி.
மான் போய்விட்ட ஊரில்
தெருவுக்குத் தெரு மானின் பெயர்:
கலைமான் சந்து, பெண்மான் வளைவு,
கொம்பு முடக்கு. முடக்கில்தான்
தண்ணீர் அழுத்தம் இல்லையென்று புகார்.

மூன்று மணிக்குப் படமெடுத்து முடித்தாள்.
அகழியின் குறுக்கே நீலக் குழாயை இறக்கினோம்.
கறுப்பு மண்ணைத் தனியே குவித்து
வெட்டிய வரிசையிலேயே திரும்ப மூடினோம்,
மஞ்சளுக்கு மேல் புல்.

கிளம்பும்போது வீதியோரம்
புயலுக்கு முறிந்த ஹார்ன்பீம் கிளைகள்.
மடக்கி முறித்து, குழாய் கட்டும் நாடாவால் இறுக்கினேன்.
உன் வீட்டில் அடுப்பு எங்கே, என்றான் டெஸ்மண்ட்.
இல்லைதான். மூன்றாம் மாடி, எல்லாம் கேஸ்.

வேனின் பின்கதவைத் திறந்தேன்.
ஒரு கட்டு.