பெருக்கல் கணக்கு

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு ஏத்தம் ஏறும் நேரம் பார்த்து
மோட்டார் போட வேண்டும்.
வத்தத்தில் இழுத்தால் சேறு வரும்.
அது என் வேலை. குஞ்சுகளை எண்ணுவதும்.

கொடுவா முந்தாநாள் ராத்திரி முட்டை விட்டது.
கசகசா அளவு, கண்ணாடி போல.
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய்,
மூன்று நாளைக்கான கட்டுச்சோறு.

பதினேழு மணி நேரத்தில் பொரிந்தது.
கண்ணில் இன்னும் கருப்பு இறங்கவில்லை.
வாய் என்று ஒன்று இல்லை.

நூறு மில்லி பீக்கரில் மொண்டு
டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன்.
ஐந்து. மூன்று. நாலு.
பத்து முறை மொண்டால் சராசரி நாலு.
தொட்டி ரெண்டாயிரம் லிட்டர்.
எண்பதாயிரம் என்று எழுதினேன்.
நான் ஒன்றைப் பார்க்காமல் விட்டால்
ரெண்டாயிரம் பிறக்காமல் போகும்.

மூன்றாம் நாள்
மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையெடுக்காமல்
தையல்நாயகி கூப்பிட்டாள்:
"வாய் வந்துடுச்சுக்கா."
வந்த வாய்
மூடத் தெரியாமல் திறந்தே இருந்தது.

பாசித்தண்ணீர் விட்டோம்.
ரோட்டிபரைச் சலித்து
பொடிசு மட்டும் விட்டோம்.
தாய்மீனைக் கொண்டுவந்த அஞ்சாபுலி,
என் தம்பி வயசுதான், எட்டிப் பார்த்தான்.
"கடல்ல யாருக்கா சலிக்கிறா?"
"கடல்ல எத்தனை தேறும்?"
பதில் இல்லை. பீடி தேடினான்.
உள்ளே பற்றவைக்காதே என்றேன்.

அன்றிரவு சத்தம் நின்றதில்தான் விழித்தேன்.
கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்து
பதினோரு நிமிடம்.
குமிழி வரத் தொடங்கிய பிறகும்
என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
காலையில் தொட்டியின் அடியில்
வெள்ளையாய்த் தூசு.
டியூபால் உறிஞ்சி எடுத்தோம்.
தூசுக்குப் பெருக்கல் கிடையாது.
சராசரி ஒன்றரை என்று எழுதினேன்.

இருபத்தைந்தாம் நாள் பெரிசு, சிறிசு பிரித்தோம்.
பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று விழுங்கும்.
ஒன்றின் வாய்க்கு வெளியே
இன்னொன்றின் வால்,
அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது.
ஒன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ரெண்டு என்று எழுதினேன்.
திரும்பிப் பார்த்தபோது
முதலில் எழுதியதே சரியாகியிருந்தது.

இப்போது பீக்கர் வேண்டாம்.
வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு
ஒவ்வொன்றாய் அடுத்த தொட்டிக்கு விடலாம்.
தையல்நாயகி தொடங்கினாள்,
நெல் அளக்கிற வாக்கில்:
"லாபம்... ரெண்டு... மூணு..."
முதல் மீனுக்கு எண் இல்லை.
அது எங்கே போயிற்று என்று தேடினேன்,
எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

நானூற்றுச் சொச்சத்தில்
ஏத்தம் வந்துவிட்டது. மோட்டாருக்கு ஓடினேன்.
திரும்பி வந்தால்
கிண்ணத்தைப் பிடித்தபடி நிற்கிறாள்.
எண்ணிக்கை விட்டுப்போச்சாம்.

எல்லாவற்றையும் மறுபடி மொண்டோம்.
லாபம்.