காற்றடித்தால் விடுமுறை

காற்று நின்றால் எங்களுக்கு வேலை.
எழுபது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கி
இறக்கையின் விரிசலைத் தேய்த்து, பசை பூசி,
காய்கிறவரை பணகுடிக்கு மேலே காத்திருப்போம்.
காற்றடித்தால் விடுமுறை.

ஆனி பிறந்து ஒன்பது நாள்.
ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறந்துவிட்டது.
நானும் ஞானப்பூவும் மேற்கு பார்த்த சரிவுப்பாறைக்கு வந்தோம்.
கம்பெனிக் கயிறு இதற்கு ஆகாது, இழுபடாது,
விழுந்தால் இடுப்பை ஒடிக்கும்.
இது சொந்தக் கயிறு. மஞ்சள். மூன்று தவணை.

ஏழு போல்ட் பாதை.
பெங்களூரிலிருந்து வந்து அடித்தவர்கள்
'சுமார்' என்று எழுதிவைத்துப் போனார்கள்.
யாருக்குச் சுமார்?

விளிம்பில்லை, பொந்தில்லை, விரல் நுழைக்க வெடிப்பில்லை.
யாரோ கழுவிக் கவிழ்த்துவைத்த அண்டா.
கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்பு மணிகள்,
கேப்பைப் பருமன்கூட இல்லை,
அதன்மேல்தான் என் எண்பத்தோரு கிலோ.

அவள் நாற்பத்தாறு. அதனால்
தன்னை ஓர் உடைமரத்தோடு கட்டிக்கொண்டுதான்
என் கயிற்றைப் பிடிப்பாள்.
முள் குத்தினால் என்னை வைவாள்.

மூன்றாவது போல்ட் வரை படி ஏறுகிற மாதிரி.
நான்காவதை
வேண்டுமென்றே தள்ளி அடித்திருக்கிறான்.
கை தடவுகிறது. தடவத் தடவ
பாறை இன்னும் வழவழப்பாகிறது.
பயந்தவன் பாறையைக் கட்டிப்பிடிப்பான்,
கட்டிப்பிடித்தால் கால் வழுக்கும்.
தெரியும்.
தெரிந்தும் வயிறு போய் ஒட்டிக்கொள்கிறது.
வலது கெண்டைக்கால்
முக்கூடல் பீடித்தட்டில் ஓடும் விரல்கள் மாதிரி
தன்பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருக்கிறது.

"கைய விடுல மாசானம். கால நம்பு."

நிமிர்ந்தேன். இடுப்பை வெளியே தள்ளி
உள்ளங்கையைச் சும்மா வைத்து
குதிகாலைத் தாழ்த்தி
ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு.
முதுகில் காற்று.
வருடம் முழுக்க நாங்கள் வைது ஒதுங்கும் அதே காற்று
விரித்த கையாய் வந்து
என்னைப் பாறையோடு வைத்திருந்தது.
எட்டு அடி. ஒன்பது.
இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

காற்று மூச்சு வாங்க நின்றது.

ஒரு நொடிதான்.
இத்தனை நேரம் நான் நின்றிருந்தது
பாதி அதன்மேல் என்று அப்போதுதான் தெரிந்தது.

விழுந்தேன் என்று சொல்ல முடியாது.
சறுக்கினேன், நின்ற கோலத்திலேயே,
மெதுவாகத் தோன்றிய வேகத்தில்,
விரல் நுனிகளையும் ஒரு முட்டியையும்
தேங்காய்த் துருவலாய் மேலே விட்டுவிட்டு.
கயிறு பிடித்தபோது
கீழே உடைமரம் ஒருமுறை குலுங்கியது.

"ஏ, இருக்கியா?"
"இருக்கேன்."
"எலும்பா?"
"தோல்தான்."
"தோல் வளரும். என் துப்பட்டா கிழிஞ்சிட்டு."

மறுபடி ஏறினேன். வீரமெல்லாம் இல்லை.
மூன்றாவது போல்ட்டில் மாட்டிய கொக்கி
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
அதை விட்டு இறங்க மனசில்லை.
இந்த முறை காற்றை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.
அது பாட்டுக்கு இருக்கட்டும்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனைப் போல.

உச்சியில் சங்கிலியில் மாட்டிக்கொண்டு
அவளை ஏற்றினேன். என் ரத்தப் பொட்டுகளை மிதிக்காமல்
இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி
நான் பார்க்கவே பார்க்காத ஒரு வரிப்பள்ளத்தில்
நடந்தே வந்தாள்.
"சுமார்தான்," என்றாள்.

தெற்கே காவல்கிணறு வரை
எல்லாக் காற்றாலையும் சுற்றுகின்றன.
தண்ணீரை நீட்டிவிட்டுக் கேட்டாள்,
"நூத்திப் பதினாலு மட்டும் ஏன் நிக்கி?"
எண்ணிப் பார்த்தேன்.
போன மாதம் நான் ஒட்டிய இறக்கை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்து அடங்கியது.
எடுத்து விரலை வைத்தேன்.
மறுபடி வைத்தேன்.
ரேகை பாறையில் இருக்கிறது;
போனுக்கு என்னை யாரென்று தெரியவில்லை.